பத்திரத்தை எடுக்கும் முன் ஒரு செமஸ்டர்

அன்புள்ள அம்மா,

சென்ற சனிக்கிழமை நீங்கள் கைப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்த பழுப்பு நிற உறை இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே வீட்டுப் பத்திரம். "இதை வைத்தால் எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்று கேட்டீர்கள். வெளியே பலர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் மெக்கானிக்கல் பி.இ. இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அவளிடம் தனியாகப் பேசியபோது, "வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தில் கொஞ்ச நாள் வேலை செய்து பார்க்க வேண்டும், அந்த ஊர் எனக்குச் சரிப்படுமா என்று தெரிய வேண்டும்" என்றாள். நீங்களோ அவளை வெளிநாட்டில் முதுகலை படிக்க வைக்க 30 லட்சம் ரூபாய்க் கடனைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் கேட்பது ஒன்று, நீங்கள் திரட்டப் பார்ப்பது வேறொன்று. முழுத் தொகையையும் 11 சதவீத வட்டியில் முதலிலேயே எடுத்தால், முதுகலை படிக்கும் இரண்டு ஆண்டுகளில் தனிவட்டி மட்டுமே 6 லட்சத்து 60 ஆயிரம் ஆகும். அவள் கையில் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே ஏறிவிடும் தொகை இது.

அவள் விரும்புவதை இதைவிடக் குறைந்த செலவில் செய்து பார்க்க வழி இருக்கிறது. முதலில் கல்லூரிக்குப் போய், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். உண்மையான பரிமாற்றம் என்றால், கட்டணத்தை நம் கல்லூரிக்குத்தான் கட்டுவோம்; அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட், விசா, காப்பீடு ஆகியவைதான் நம் செலவு. 'ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்' என்று அழகான கையேட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுக் கட்டணத்தையும் கேட்டால் அது பரிமாற்றம் அல்ல. இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோல இருப்பதால் படித்த பெற்றோரே குழம்பிப்போகிறார்கள்.

அங்கே படிக்கும் பாடங்களின் மதிப்பெண் இங்கே ஏற்கப்படுமா என்பதையும் கேளுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட தாள், புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் போய்விட்டுத் திரும்பி வந்து, அதே பாடங்களை அரியர் போலத் திரும்ப எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த செமஸ்டரில் போகலாம் என்பதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஏழாவது வேண்டவே வேண்டாம். வளாக நேர்காணல்கள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். வேலையும் போய், ஊரும் பிடிக்காமல் திரும்பினால் அவள் மிகவும் துவண்டுவிடுவாள். ஐந்தாவது நல்லது. புராஜெக்ட் மட்டும் இருக்கும் எட்டாவது அதைவிட நல்லது.

பரிமாற்ற ஒப்பந்தம் இல்லாத கல்லூரி என்றால் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), இந்திய அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கென்றே 'வைஸ்' என்ற திட்டத்தை நடத்துகிறது. இரண்டு முதல் மூன்று மாதம் அங்குள்ள ஆய்வகத்தில் வேலை. உதவித்தொகை, பயணப்படி, காப்பீடு எல்லாம் அவர்களே தருகிறார்கள். ஆனால் அழைக்கும் பேராசிரியரை மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

என்னிடம் வந்த ஒரு மாணவன் அறுபது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பியிருந்தான். "தங்களின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில்" என்று தொடங்கும் கடிதம். ஒருவரும் பதில் போடவில்லை. "இவர்களில் யாருடைய கட்டுரையையாவது படித்தாயா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். பிறகு இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டுரையைப் படித்தான். வெல்டிங் செய்த அலுமினியத் தகட்டில், இணைப்பை ஒட்டிய பகுதியின் கடினத்தன்மை குறைவதைக் காட்டும் வரைபடம் அதில் இருந்தது. தன் கல்லூரி ஆய்வகத்திலும் அதே சரிவைப் பார்த்ததாகவும், ஆனால் தனக்குக் கிடைத்த எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று புரியவில்லை என்றும் எட்டு வரியில் எழுதினான். நான்காம் நாள் பதில் வந்தது. உங்கள் மகளும் இந்த விடுமுறையிலேயே படிக்கத் தொடங்கட்டும்.

வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியதும் உண்டு. 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' திட்டம் 2005 முதல் நடக்கிறது. கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில், வேறு நாட்டு வழிகாட்டியுடன் வேலை செய்யலாம், முடித்தால் உதவித்தொகை. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் இதில் பெற்ற பெயர் உலகம் அறிந்தது. நிரல் எழுதத் தெரிந்த மெக்கானிக்கல் மாணவிக்கும் இதில் இடமுண்டு. இந்தியாவுக்குள்ளேயே, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. வெளியூர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் தனியே இருந்து பார்ப்பதும் அவளுக்கு ஒரு நல்ல ஒத்திகைதான்.

இரட்டைப் பட்டம், இணைப் பட்டம் என்று யாராவது வந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே சேர்ந்து ஒரு பகுதியை மட்டும் வெளிநாட்டில் படிக்கும் 'ட்வின்னிங்' முறையில், மொத்தக் கிரெடிட்டில் (பாடங்களுக்கான மதிப்பலகு) 30 சதவீதம் வரைதான் வெளிநாட்டில் பெறலாம். ஆன்லைன் படிப்புகள் இந்த 2022 விதிகளுக்குள் வராது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொல்லங்காங் பல்கலைக்கழகங்கள் வளாகம் திறந்திருக்கின்றன. பட்டம் மட்டும் வேண்டுவோருக்கு அவை பயன்படும். உங்கள் மகளின் ஆசைக்கு விடையாகாது.

இவற்றையெல்லாம் செய்து பார்த்தபின், அவள் முதுகலைக்குப் போயே தீருவேன் என்றால் நானே முன்னின்று உதவுவேன். அப்போதும் கடன்தான் வழி என்றில்லை. ஐரோப்பாவின் 'எராஸ்மஸ் முண்டுஸ்' உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ வரும். போட்டி கடுமைதான். ஆனால் ஆய்வகத்தில் வேலை செய்த பிள்ளையின் விண்ணப்பத்துக்குத் தனி வலு உண்டு. ஜெர்மனி என்று முடிவானால் நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்கலாம்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வாருங்கள். கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் பெற்ற ஒப்பந்தப் பட்டியல், அவளுடைய இதுவரையான செமஸ்டர் மதிப்பெண் தாள்கள், அவளுக்குப் பிடித்த ஓர் ஆய்வுக் கட்டுரை, இவை மட்டும் போதும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.