வார் எப்போ போடலாம், யாரைச் சேர்க்கலாம்: கிளான் லீடர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் மொபைல் கேமில் ஊர்ப்பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளான்களின் (ஆட்டக்காரர் குழுக்களின்) லீடர்கள் கேட்டவை இவை. வார் என்பது இரண்டு கிளான்கள் மோதும் போட்டி. இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். பாதிப் பேர் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம். மீதிப் பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும். லீடர்போர்டைப் பிடிக்க ஓடுகிற கிளானுக்கான யோசனை எதுவும் இங்கே கிடையாது. வயல், கடை, கல்லூரி, ஷிப்ட் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் ஆடுகிறவர்களுக்கு எது நடக்குமோ அதை மட்டும் சொல்கிறோம்.

எங்கள் கிளானில் எட்டு பேர் சிங்கப்பூர், ஐந்து பேர் துபாய், மற்றவர்கள் ஊரில். எப்போது வார் போட்டாலும் யாராவது ஒரு கூட்டத்துக்கு நேரம் ஒத்துவரவில்லை. – மன்னார்குடி

வார் பட்டனை அமுக்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான லீடர்கள் அதைக் கையில் போன் கிடைத்தபோது அமுக்குகிறார்கள். எதிரி கிடைத்ததிலிருந்து தயாரிப்பு நாள் 23 மணி நேரம், அதன்பின் சண்டை நாள் 24 மணி நேரம். மொத்தம் 47. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: சண்டை எப்போது ஓட வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கு 23 மணி நேரம் முன்னால் தேடலைத் தொடங்குங்கள்.

உங்கள் கிளானுக்கு வெள்ளி இரவு 9 மணி சரிவரும். சண்டை சனி இரவு 8 மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு 8 மணிக்கு முடியும். தொடங்கும்போது சிங்கப்பூரில் இரவு 10.30, துபாயில் மாலை 6.30. சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஞாயிறு முழுவதும் கையில் இருக்கிறது. துபாய்க்காரர்களுக்கும் கவலையில்லை, அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுதான் வார விடுமுறை.

சவூதியிலும் குவைத்திலும் ஆட்கள் இருந்தால் கதை வேறு. அங்கே விடுமுறை வெள்ளி, சனி. தனியார் சைட்டுகளில் பலருக்கு வெள்ளி மட்டும்தான். அவர்கள் அதிகமாக இருக்கிற வாரத்தில் புதன் இரவு 9 மணிக்குத் தேடலைத் தொடங்குங்கள். சண்டை வியாழன் இரவு 8 மணியிலிருந்து வெள்ளி இரவு 8 மணி வரை ஓடும். சவூதிக் கணக்கில் வியாழன் மாலை 5.30 முதல் வெள்ளி மாலை 5.30. இரண்டு கூட்டத்தையும் ஒரே வாரில் அடைக்கப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் அவர்களுக்கு, அடுத்த வாரம் இவர்களுக்கு.

ஒரு வார் முடிந்த கையோடு அடுத்ததைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஞாயிறு இரவு 8 மணிக்கு மறுபடி தொடங்கினால் சண்டை திங்கள் இரவு 7 மணிக்கு வந்து விழும், செவ்வாய் இரவு 7 வரை ஓடும். பாதிப் பேர் அடிக்க மாட்டார்கள். இப்படி ஆடுகிற கிளானுக்கு வாரத்துக்கு ஒரு வார் போதும்.

வாரில் சேர்த்துவிட்டால் ஐந்தாறு பேர் ஒரு அட்டாக்கூடப் போடுவதில்லை. கிளானை விட்டுத் தூக்கிவிடலாமா? – பேராவூரணி

தூக்குவதற்கு முன்னால், அவர்களை யார் சேர்த்தது என்று பாருங்கள். வார் அளவு 5, 10, 15 என்று 30 வரை ஐந்தைந்தாக ஏறுகிறது. 12 பேர் பச்சையில் (வாருக்கு வருகிறேன் என்ற அடையாளம்) இருக்கும்போது 15 போட ஆசைப்பட்டு, சிவப்பில் (வரவில்லை) இருக்கிற மூன்று பேரை லீடரே இழுத்துப் போடுவார். சிவப்பில் இருப்பவரையும் சேர்க்க கேம் அனுமதிக்கிறது, அதனால்தான் இந்தச் சிக்கல். 12 பேர் இருந்தால் 10 போடுங்கள். மிஞ்சும் இரண்டு பேர் அடுத்த வாரம் முதல் ஆள்.

15-க்கு 15 என்றால் ஆளுக்கு இரண்டாக உங்கள் பக்கம் 30 அட்டாக். மூன்று பேர் தூங்கினால் ஆறு போச்சு, அவர்களுடைய பேஸ் (கேமில் அவர் கட்டிய ஊர்) மட்டும் எதிரி அடிக்க வசதியாக நின்றுகொண்டிருக்கும். 10-க்கு 10-இல் எல்லோரும் இரண்டு இரண்டு அடித்தால் 20-உம் முழுசாக வேலை செய்யும்.

விதி இப்படி இருக்கட்டும். வார் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பு வாட்ஸாப் குரூப்பில் கேளுங்கள்: "வெள்ளி ராத்திரி வார். வர்றவங்க பச்சை போடுங்க." யார் பச்சை போட்டாரோ அவர் மட்டும். பச்சை போட்டுவிட்டு இரண்டையும் விட்டால் அடுத்த இரண்டு வாரில் இடமில்லை. ஒன்றை விட்டால் ஒரு வார்த்தை கேட்டால் போதும். சண்டை நாளின் பாதியில், தனிச் செய்தியாக, பேர் சொல்லி அனுப்புங்கள். குரூப்பில் பொதுவாகத் திட்டினால் அடித்தவன்தான் கோபப்படுவான், அடிக்காதவன் பார்க்கவே மாட்டான். செய்தி இப்படிப் போகலாம்:

"மாப்ள, உனக்கு 2 அட்டாக் பாக்கி. ஞாயிறு மதியம் 2 மணிக்குள்ள ஒண்ணாவது போட்டுரு. முடியலன்னா இப்பவே சொல்லு, எதிரியோட ஆறாம் நம்பர் பேஸை வேற ஆள் அடிக்கட்டும்."

வயதில் மூத்தவர் என்றால் "அண்ணே" என்று தொடங்கி, "முடியலன்னா சொல்லிருங்க" என்று முடியுங்கள். லீடர் பட்டம் கேமுக்குள்தான். ஊரில் அவர் அண்ணன்தான்.

இன்னொன்று: சண்டை நடக்கும்போது யாரையும் கிக் செய்யாதீர்கள். அவர் பேஸ் மேப்பில் அப்படியே நிற்கும். அவருடைய மிச்ச அட்டாக் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். கோபத்தை வார் முடிந்தபின் காட்டிக்கொள்ளலாம்.

எங்கள் டாப் ஆட்கள் முதலிலேயே அடித்து நிறைய ஸ்டார் எடுக்கிறார்கள், ஆனாலும் தோற்கிறோம். – திருத்துறைப்பூண்டி

அவர்கள் யாரை அடிக்கிறார்கள்? பலத்தின்படி போடும் வரிசையில் பதினொன்றாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் பேஸை மூன்று ஸ்டார் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பிரச்சினை அங்கேதான். ஒரு பேஸுக்கு அதிகபட்சம் மூன்று ஸ்டார், அதிலும் மிகச் சிறந்த ஒரு அட்டாக்தான் கணக்கில் ஏறும். கீழே உள்ளவர்கள் அடிக்க முடிந்த பேஸ்களை மேலே உள்ளவர்கள் காலி செய்துவிட்டால், கீழே உள்ளவனுக்கு மிஞ்சுவது அவனைவிட இரண்டு டவுன் ஹால் லெவல் (பேஸின் மையக் கட்டடத்தின் லெவல்) பெரிய பேஸ். அங்கே ஒரு ஸ்டார் எடுப்பதே பாடு.

முதல் 12 மணி நேரத்தில் எல்லோரும் தனக்கு நேரெதிர் நம்பரையோ அதற்கு ஓரிரண்டு கீழோ அடிக்கட்டும். இரண்டாவது அட்டாக்கை, யாராவது ஒன்றோ இரண்டோ ஸ்டாரில் விட்ட பேஸை முழுசாக்க வையுங்கள். இதில் மேலே உள்ளவர்கள் கீழே இறங்கிச் சுத்தம் செய்யலாம், அதுதான் அவர்களுடைய உண்மையான வேலை. ஏற்கெனவே இரண்டு ஸ்டார் விழுந்த பேஸில் இன்னொருவர் இரண்டு எடுத்தால் ஸ்டார் ஏறாது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஸ்டார் சமமானால் மொத்த அழிவுச் சதவீதம் பார்த்துத்தான் வெற்றி, அதனால் கடைசியில் மிஞ்சும் அட்டாக்கையும் வீணாக்க வேண்டாம். 60 சதவீதத்தில் நிற்கிற பேஸை 80 ஆக்கினாலும் லாபமே.

கோ-லீடர் எத்தனை பேர் வைக்கலாம்? எல்லோரும் கேட்கிறார்கள். – கும்பகோணம்

எண்ணிக்கைக்கு கேம் தடை போடவில்லை, நீங்கள்தான் போட வேண்டும். கோ-லீடரால் வார் தொடங்க முடியும், கிளான் செட்டிங்கை மாற்ற முடியும், தனக்குக் கீழே உள்ள எல்டரையும் மெம்பரையும் வெளியே அனுப்ப முடியும். சண்டை போட்டுக்கொண்டு போகிற ஒரு கோ-லீடர், போகும் வழியில் இருபது பேரைத் தூக்கிவிட்டுப் போகலாம். திரும்ப எடுக்க ஒரே பட்டன் கிடையாது, ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும்.

இரண்டு அல்லது மூன்று போதும். ஆளைத் தேர்ந்தெடுக்க நல்ல ஆட்டக்காரனா என்று பார்க்காதீர்கள். நேரில் தெரிந்தவனா, நீங்கள் தூங்கும் நேரத்தில் விழித்திருப்பவனா என்று பாருங்கள். ஒருவர் ஊரில், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் உத்தமம். "எனக்கும் குடு" என்று கேட்பவர்களுக்கு எல்டர் கொடுங்கள். அவர்கள் சேரக் கேட்டு வருகிறவர்களை ஏற்கலாம். அவர்களால் வார் தொடங்க முடியாது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பு.

நீங்களே வெளிநாடு கிளம்புகிறீர்கள் என்றால் அக்கவுன்ட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அது விதிமீறல். கோ-லீடர் ஒருவரை லீடராக உயர்த்துங்கள், நீங்கள் கோ-லீடராக இறங்கிவிடுவீர்கள். திரும்பி வந்ததும் அவர் அதேபோல மாற்றிக் கொடுக்கலாம். கொடுப்பாரா என்பதுதான் நேரில் தெரிந்த ஆள் வேண்டும் என்று மேலே சொன்னதற்குக் காரணம்.

வார் லீக் வந்தாலே சண்டை. யாரை எடுப்பது, போனஸ் மெடல் யாருக்கு? – திருவையாறு

மாதம் ஒருமுறை கிளான்கள் மோதும் தொடர்தான் வார் லீக். மாதத் தொடக்கத்தில் பதிவு இரண்டு நாள் திறந்திருக்கும். எட்டுக் கிளான் கொண்ட குழு, ஏழு வார், ஒரு வாருக்கு ஒரு ஆளுக்கு ஒரே அட்டாக். 15 பேர் அளவிலோ 30 பேர் அளவிலோ ஆடலாம். பதிவில் பெயர் இல்லாதவரை நடுவில் சேர்க்க முடியாது. ஆனால் பதிவில் இருப்பவர்களில் ஒவ்வொரு நாளும் யார் ஆடுவது என்பதை அந்த வாரின் தயாரிப்பு நேரம் முடிவதற்குள் மாற்றலாம்.

பலருக்கும் கண்ணில் படாத வசதி அந்தக் கடைசி விஷயம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல இதற்கும் முறை வைக்கலாம். 15 இடம், ஏழு நாள், மொத்தம் 105 இடம். 21 பேரைப் பதிவு செய்தால் ஆளுக்குச் சரியாக ஐந்து நாள். ஏழு நாளும் சேர்த்து 8 ஸ்டார் எடுத்தவருக்கு அந்த லீகுக்குரிய மெடல் (கேமுக்குள் செலவழிக்கும் பரிசு) முழுசாகக் கிடைக்கும், அதற்கு மேல் ஸ்டார் எடுத்தாலும் மெடல் ஏறாது. ஐந்து நாளில் நாளுக்கு இரண்டு எடுத்தாலே பத்து ஆகிவிடுகிறது. அப்படியிருக்க அதே 15 பேரை ஏழு நாளும் இறக்கி, ஆறு பேரை வேடிக்கை பார்க்க வைப்பது யாருக்கும் பயனில்லாத வேலை.

முறைப் பட்டியலை முதல் நாளே எழுதி குரூப்பில் பின் செய்துவிடுங்கள். பட்டியல் போட்டும் கெடுவது எங்கே என்றால், இன்றைய சண்டை ஓடும்போதே நாளைய வாரின் தயாரிப்பும் ஓடுகிறது. இன்றைய ஸ்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் லீடர் நாளைய வரிசையை மாற்ற மறந்துவிடுவார். தினமும் ஒரே நேரத்துக்கு அலாரம் வையுங்கள், அல்லது அந்த ஒரு வேலையை ஒரு கோ-லீடரிடம் ஒப்படையுங்கள்.

போனஸ் எத்தனை பேருக்கு என்பது லீகையும் ஜெயித்த வார்களையும் பொறுத்தது. கொடுப்பது நீங்கள். முடிந்தபின் யோசித்தால் எது செய்தாலும் பாரபட்சம்தான். தொடங்கும் முன் கிளான் மெயிலில் மூன்று வரி போடுங்கள்: தன் முறைக்கு வந்த எல்லா அட்டாக்கையும் போட்டவருக்கு மட்டும், அவர்களில் ஸ்டார் அதிகம் எடுத்தவர் முதலில், போன மாதம் வாங்கியவர் வரிசையில் கடைசி. லீடரின் மச்சானுக்கும் இதே விதி. கும்பலில் முணுமுணுப்பு பெரும்பாலும் அந்த மச்சானால்தான் வருகிறது.

கிளான் கேம்ஸில் கடைசிப் பரிசு வரை போக எத்தனை பேர் வேண்டும்? – சீர்காழி

கிளான் முழுவதும் சேர்ந்து சவால்களை முடித்துப் புள்ளி சேர்ப்பதுதான் கிளான் கேம்ஸ். மாதம் 22-ஆம் தேதி மதியம் 1.30-க்குத் தொடங்கி 28 வரை. வழக்கமான மாதத்தில் ஒருவரின் உச்சவரம்பு 4,000 புள்ளி, கடைசிப் படி 50,000. 13 பேர் முழுசாக முடித்தால் 52,000, போதும். எல்லோரையும் துரத்தாமல் அந்த 13 பேரை மட்டும் உறுதிசெய்யுங்கள். மற்றவர்கள் போடுவதெல்லாம் உபரி. பரிசு வேண்டுமென்றால் கொஞ்சமாவது புள்ளி எடுத்திருக்க வேண்டும், டவுன் ஹால் 6-உம் வேண்டும். பிடிக்காத சவாலைத் தூக்கிப் போட்டால் அடுத்ததை எடுக்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அதைச் செய்தால் நேரம் வீணாகாது.

மழைக்காலத்தில் அடிக்கும்போதே நெட் போய்விடுகிறது. – வேதாரண்யம்

ஒரு அட்டாக் மூன்று நிமிடம்தான். ஆனால் நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த அட்டாக் போனதுதான், திரும்பத் தர மாட்டார்கள். கரண்ட் போனால் வீட்டு வைஃபை உடனே நிற்கும், ஊரே மொபைல் டேட்டாவுக்கு மாறும், அப்போது அடிப்பது சூதாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டாவது அட்டாக்கையும் சண்டை நாளின் முதல் பாதியிலேயே முடிக்கச் சொல்லுங்கள். வானம் இருட்டினால் இன்னும் சீக்கிரம். அடிக்கும் முன் போனை டூ நாட் டிஸ்டர்பில் போடுவதும் பழகட்டும். ஒரு வாட்ஸாப் கால் வந்து கேம் பின்னால் போனாலும் இதே நஷ்டம்தான்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் புதிதாக வார் போடாதீர்கள். பத்து நாள் வராதவரைத் தூக்குவோம் என்று விதி வைத்திருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ப்ளஸ் டூ பையன்கள் மார்ச்சில் ஆட வருகிறார்கள். என்ன செய்ய? – மயிலாடுதுறை

பொதுத்தேர்வு முடியும் வரை சிவப்பில் போடச் சொல்லுங்கள். நீங்களும் வாரில் சேர்க்காதீர்கள். இடம் அப்படியே இருக்கும், எல்டர் பட்டமும் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பையன்கள் கேட்பார்கள். பட்டம் போய்விடும் என்கிற பயத்தில்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

கிளான் சாட்டில் ஒருவர் "ஐம்பது ரூபாய் கட்டு, ஐந்நூறு ஜெயி" என்று லிங்க் போடுகிறார். இன்னொருவர் இலவச ஜெம் லிங்க். – பட்டுக்கோட்டை

இரண்டு பேரையும் அன்றைக்கே வெளியே அனுப்புங்கள், வார் நடந்தாலும் பரவாயில்லை. சண்டை நடக்கும்போது கிக் செய்யக் கூடாது என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். இலவச ஜெம் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) என்பது சூப்பர்செல் ஐடிக்கு (கேம் நிறுவனத்தின் அக்கவுன்ட்டுக்கு) இமெயிலில் வரும் லாகின் கோடை வாங்குவதற்கான தூண்டில். அந்தக் கோடை யார் கேட்டாலும், லீடர் கேட்டாலும், கொடுக்கக் கூடாது என்று கிளான் மெயிலில் ஒரு முறை எழுதிவிடுங்கள். லிங்கை ஏற்கெனவே யாராவது திறந்து கோடைக் கொடுத்திருந்தால், முதலில் இமெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், பிறகு கேமின் செட்டிங்கில் உள்ள உதவிப் பகுதி வழியாகப் புகார் அனுப்பச் சொல்லுங்கள். அவர் கோ-லீடராக இருந்தால் அதுவரை அவரை மெம்பராக இறக்கி வையுங்கள்.