‘பிரஷர் மருந்துலதான் ஓடுது’: வாசகர் கேள்வி – பதில்

சிறுநீரகத் தொற்று ரத்தத்தில் பரவி அப்பா ஐசியூவில் இருக்கிறார். ‘பிரஷர் மருந்துலதான் ஓடுது’ என்கிறார்கள். விரல் நுனியெல்லாம் நீலம் பூத்துவிட்டது. மருந்தை நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகி, திண்டுக்கல்

நிறுத்தச் சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் நார்அட்ரினலினாக இருக்கும். கிருமித் தொற்று முற்றும்போது ரத்தக்குழாய்கள் தளர்ந்து அகன்றுவிடும். ரத்தம் அதே அளவுதான், ஆனால் குழாய் பெருத்துவிட்டதால் அழுத்தம் விழுகிறது. அந்தக் குழாயை இறுக்கிப் பிடிப்பதுதான் இந்த மருந்தின் வேலை.

மருத்துவர்கள் பார்ப்பது சராசரி அழுத்தத்தை. கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, 3-ஆல் வகுத்தால் அது வரும். 65 இருந்தால் பொதுவாகப் போதும். மானிட்டரில் 90/50 என்று பார்த்ததும் பதற வேண்டாம். சராசரி 63, இலக்கை ஒட்டித்தான் இருக்கிறார். 120/80 வந்தே தீர வேண்டும் என்று மருந்தைக் கூட்டினால்தான் விரல்களுக்குக் கேடு.

விரல் நீலமாவதற்கு மருந்து மட்டும் காரணமில்லை. நோயே நுண்குழாய்களில் ரத்தத்தை உறைய வைக்கிறது. டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. அளவில் திரவம் ஏறியதா (60 கிலோ ஆளுக்கு 1.8 லிட்டர்)? சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா? லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) இறங்குகிறதா? நார்அட்ரினலின் தேவை ஏறிக்கொண்டே போனால், குழாயை இறுக்கும் இன்னொரு மருந்தான வாசோபிரெசினை நிமிடத்துக்கு 0.03 யூனிட் சேர்த்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது.

நார்அட்ரினலின் சிரிஞ்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும் பேஷண்டுக்கு பி.பி. சரிகிறது. சில நேரம் காரணமே இல்லாமல் 220-க்கு எகிறுகிறது. எங்கே தப்பு?
– செவிலியர், ஈரோடு

இரண்டுக்கும் காரணம் சிரிஞ்சிலும் லைனிலும்தான் இருக்கிறது.

முதலில் கலவை. நம் ஊர் 2 மி.லி. ஆம்ப்யூல் பலவற்றில் நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் என்ற உப்பு மி.லி.க்கு 2 மி.கி. என்றும், அது 1 மி.கி. நார்அட்ரினலினுக்குச் சமம் என்றும் அச்சிட்டிருக்கும். அதாவது ஓர் ஆம்ப்யூலில் உப்பு 4 மி.கி., மருந்து 2 மி.கி. பகல் ஷிஃப்ட் ஒன்றையும் இரவு ஷிஃப்ட் மற்றதையும் எண்ணினால், அதே பம்ப் வேகத்தில் மருந்து இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். உப்பைக் கணக்கில் எடுக்காமல் மருந்தின் எடையையே லேபிளில் எழுதுங்கள். இரண்டு ஆம்ப்யூல் (4 மி.லி.) + 46 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸ்: 50 மி.லி.யில் 4 மி.கி., மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 360 மைக்ரோகிராம்; பம்பில் 4.5 மி.லி.

இனி சரிவு. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டரை நிமிடம் போதும். தீர்ந்த சிரிஞ்சைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதற்குள் பி.பி. இறங்கிவிடும். போதாக்குறைக்கு, புது சிரிஞ்சின் பிஸ்டனுக்கும் பம்பின் தள்ளுகட்டைக்கும் இடையே இருக்கும் சிறு இடைவெளி அடைபட்டால்தான் மருந்தே நகரும். மணிக்கு 4 மி.லி. வேகத்தில் அதற்கே பல நிமிடம் போய்விடும். ஆகவே பழையது தீர 15 நிமிடம் இருக்கும்போதே இரண்டாவது பம்பில் புதியதைப் பூட்டுங்கள். நோயாளியோடு இணைக்காமல், குழாய் நுனியில் சொட்டு விழும்வரை பர்ஜ் செய்யுங்கள் (மருந்தைத் தள்ளி நிரப்புங்கள்). பிறகு த்ரீவேயில் (மூன்று வழித் திருகு) இணைத்து அதே வேகத்தில் ஓடவிட்டு, பி.பி. லேசாக ஏறத் தொடங்கியதும் பழையதைப் படிப்படியாகக் குறையுங்கள். த்ரீவே கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கையால் தொட்டே பாருங்கள். திறக்க மறந்த த்ரீவேதான் பாதி ‘மருந்து வேலை செய்யலை’ புகார்களுக்குக் காரணம்.

எகிறுவது எதனால்? யாரோ அதே லைனில் ஆன்டிபயாட்டிக் தள்ளியிருப்பார்கள். குழாயில் நிற்கும் 1 மி.லி.யில் 80 மைக்ரோகிராம் மருந்து உண்டு. மேலே சொன்ன வேகத்தில் அது 13 நிமிடத்துக்கான அளவு, ஒரே தள்ளலில் உள்ளே போய்விடுகிறது. பிறகு குழாயில் ஆன்டிபயாட்டிக் நிற்பதால் அடுத்த சில நிமிடம் மருந்தே போகாது, பி.பி. கவிழும். இந்த லைனுக்குச் சிவப்பு டேப் ஒட்டுங்கள், வேறெதையும் அதில் செலுத்தவிடாதீர்கள்.

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் செருகும் குழாய்) போடும்வரை கை நரம்பிலேயே தொடங்கலாம்; தாமதிப்பதைவிட அது நல்லது. முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ நல்ல நரம்பாக இருக்கட்டும், புறங்கை வேண்டாம். அந்தக் கையில் பி.பி. கஃப் கட்டாதீர்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்து தோல் வெளுத்தால் மருந்தை வேறு லைனுக்கு மாற்றுங்கள். கேனுலாவைப் பிடுங்காமல், அதன் வழியே முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இறுக்கத்தைத் தளர்த்தும் ஃபென்டோலமின் 5–10 மி.கி.யை 10 மி.லி. சலைனில் கலந்து அந்த இடத்தைச் சுற்றிப் போடுவார்கள். ஐஸ் வைக்காதீர்கள், அது இன்னும் இறுக்கும்.

முன்பெல்லாம் டோபமின்தானே போடுவார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

ஆமாம், அதுவும் பி.பி.யை ஏற்றும் மருந்துதான். 2010-இல் 1,679 நோயாளிகளிடம் டோபமினையும் நார்அட்ரினலினையும் ஒப்பிட்ட ஆய்வில் இதயத் துடிப்புக் கோளாறு டோபமினில் 24.1%, நார்அட்ரினலினில் 12.4%. ‘கிட்னிக்குக் கொஞ்சம் டோபமின்’ என்ற பழக்கத்துக்கும் பலன் இல்லை என்று அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

பி.பி. 200/110 காட்டினால் நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் விடலாமா?
– வாசகி, வேலூர்

கூடவே கூடாது. எவ்வளவு இறங்கும் என்பது யார் கையிலும் இல்லை. பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழப்பம், கைகால் இழுப்பு, பார்வை மங்கல் எதுவும் இல்லையென்றால், உட்கார வைத்து அரை மணி கழித்து மறுபடி அளந்து பாருங்கள். விட்டுப்போன மாத்திரை உண்டா என்று பார்த்து, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அறிகுறி இருந்தால் மருத்துவமனைதான். அங்கேயும் முதல் ஒரு மணி நேரத்தில் பொதுவாகக் கால்பங்குக்கு மேல் இறக்க மாட்டார்கள். பெருந்தமனி கிழிந்தது போன்ற சில நிலைகளில் மட்டும் அவசரமாக இறக்குவார்கள்.

செந்தேள் கொட்டிய குழந்தைக்குக் கைகால் ஜில்லிட்டு வியர்த்துக் கொட்டியது. ஆனால் பி.பி.யை இறக்கும் மாத்திரையைக் கொடுத்தார்கள். இது சரியா?
– வாசகர், புதுக்கோட்டை

சரிதான். அந்த விஷம் உடம்பின் சொந்த நார்அட்ரினலினையும் அட்ரினலினையும் வெள்ளமாகக் கொட்ட வைக்கிறது. ஐசியூவில் பம்ப் வைத்துச் சொட்டுச்சொட்டாக விடும் அதே பொருள்தான். குழாய்கள் இறுகுவதால் கைகால் ஜில்லிடுகிறது. இறுகிய குழாய்களுக்கு எதிராக இறைத்து இறைத்து இதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோக்கிறது. அந்த இறுக்கத்தை அவிழ்ப்பது பிரசோசின் என்ற அந்த மாத்திரை. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் இதைப் பயன்படுத்திப் பல உயிர்களைக் காப்பாற்றிய பிறகுதான் இது பரவியது. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். கைகால் சூடாகும்வரை 3 மணிக்கு ஒருமுறை மருத்துவமனையில் தருவார்கள். வாந்தி, வியர்வையால் நீர் வற்றியிருந்தால் அதையும் ஈடுசெய்ய வேண்டும். மாத்திரை கொடுத்ததும் குழந்தையைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைக்காமல் படுத்தே இருக்கவிடுங்கள், பி.பி. சட்டென்று விழலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு வைக்கிறவர்கள் சாதாரண 1 மி.கி. மாத்திரையை வாங்க வேண்டும். மெதுவாகக் கரையும் எக்ஸ்.எல். வகையை உடைத்துக் கொடுக்க முடியாது.