புது ரோடு, புது வடிகால் எல்லாம் போட்டும் எங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது?

சென்னைப் புறநகரில் வீடு வாங்கிக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "முதலில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். அப்புறம் தார் ரோடும் போட்டார்கள். ஆனாலும் ஒரு மணி நேர மழைக்கே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பணம் செலவழித்தும் ஏன் இப்படி? எங்கே தப்பு?"

வேலையை எந்த முனையிலிருந்து தொடங்கினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் தொடங்கி, அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு தெருவாக வடிகால் வர வேண்டும். பாத்ரூம் தரை போடுகிற கொத்தனார் முதலில் நானி டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் துளை) எந்த மூலையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாந்து குழைப்பார். தெரு வேலையில் இது அப்படியே தலைகீழாகிவிடுகிறது. நிதி எந்தத் தெருவுக்கு வந்ததோ அந்தத் தெருவில் வடிகால் கட்டுகிறார்கள். அந்த வடிகால் போய்ச் சேர வேண்டிய பெரிய கால்வாய் வேறு திட்டத்தில், வேறு துறையில், வேறு வருடத்தில் இருக்கிறது.

நான் சிவில் படித்து, ரோடு, வடிகால் வேலைகளில் சைட்டில் இருப்பவன். குடியிருப்பது தாம்பரத்துக்குக் கிழக்கே. அதனால் எனக்குத் தெரிந்த இந்தப் பக்கத்தை வைத்தே விளக்குகிறேன். ஆவடியானாலும் வேறு எந்தப் புறநகரானாலும் கணக்கு இதேதான்.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். நிர்வாகத்துக்கு இப்போது ஒரே ஊர். தண்ணீருக்கு இது இரண்டு ஊர். ஜிஎஸ்டி ரோட்டையும் (சென்னை - திருச்சி நெடுஞ்சாலை) ரயில் பாதையையும் தோராயமான எல்லையாக வைத்துக்கொண்டால், கிழக்கே பெய்யும் மழை சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலில் சேரும். மேற்கே இரும்புலியூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர் ஏரிகளின் உபரி நீர் முடிச்சூர் வழியாக அடையாற்றுக்கு இறங்கும்.

இந்த ஏரிகள் எல்லாம் பாசனத்துக்காக வெட்டியவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழிந்தோடும் இடம்) தாண்டி, போக்குக் கால்வாயில் ஓடிக் கீழ் ஏரிக்கு வரும். நடுவில் இருந்தது ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீரில் விளைந்த வயல். வயலில் நாலு நாள் தண்ணீர் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இன்று அந்த ஆயக்கட்டு முழுவதும் வீட்டு மனை. வாய்க்கால் பல இடங்களில் தெருவாகிவிட்டது, சில இடங்களில் யாருடைய காம்பவுண்டுக்குள்ளோ போய்விட்டது. ஆனால் நிலத்தின் சரிவு மாறவில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது தண்ணீர் தன் பழைய வழியையே பிடித்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. அதன் பிறகு நீர்வளத் துறை அடையாற்றை அகலப்படுத்தி, அந்தப் பகுதிக்கு மூடுகால்வாய்களும் கட்டியது. அவை தேவையான வேலைகள், பலனும் உண்டு. இருந்தாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மறுபடியும் வெள்ளம் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். மாநகராட்சி உருவானபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் அதில் சேரவில்லை, ஊராட்சிகளாகவே நின்றன. மேட்டுத் தெருவின் வடிகால் ஒரு நிர்வாகத்தில், அந்தத் தண்ணீர் போய் விழும் பள்ளம் இன்னொரு நிர்வாகத்தில்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கணக்கைப் பார்த்துவிடலாம். சுமார் இரண்டரை ஏக்கர், அதாவது 1 ஹெக்டேர் பரப்பில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது 5 லட்சம் லிட்டர். மொட்டை மாடியும் தார் ரோடும் சிமென்ட் போட்ட வாசலுமாக இருக்கிற இடத்தில் அதில் 80 சதவீதம் ஓடி வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 33 லாரி. நொடிக்கு சுமார் 110 லிட்டர்.

இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுகிற கான்கிரீட் வடிகால், 1000 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் சரியாக இருந்தால், நொடிக்குச் சுமார் 250 லிட்டர் கடத்தும். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி ஆழம் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டால் அது 100 லிட்டர் அளவுக்கு வந்துவிடும். பாதி அடைத்தால் பாதியாவது போகுமே என்று நினைப்போம். போவது பாதிக்கும் கீழே. அதனால்தான் தூர் வாருவதை நான் வற்புறுத்துகிறேன். மண்ணையும் குப்பையையும் முன்னாலேயே பிடித்துவைக்கிற வண்டல் வடிகட்டித் தொட்டி இல்லாமல் வடிகால் கட்டுவது, கட்டிய அடுத்த வருடமே அதை அடைக்க ஏற்பாடு செய்வதற்குச் சமம்.

அந்த 1000-க்கு 1 இறக்கம்தான் இங்கே பெரிய சவால். நம் ஊர் தட்டையான ஊர். 200 மீட்டர் தெருவில் கிடைக்கிற இறக்கம் 20 செ.மீ. கான்கிரீட்டுக்கு ஷட்டரிங் (பலகை அச்சு) அடிக்கும்போது ஒரு இடத்தில் 5 செ.மீ. பிசகினால் அங்கே குழி விழுந்து தண்ணீர் தேங்கும், கொசு வளரும். நடுவில் ஒரு மின்கம்பமோ பில்லர் பாக்ஸோ (தெருவோர மின்பெட்டி) குடிநீர்க் குழாயோ வந்தால், "அதை மாற்றித் தரட்டும், அப்புறம் கட்டலாம்" என்று சில மீட்டர் விட்டுவிட்டு அடுத்த பக்கம் தொடர்வார்கள். அந்த இடைவெளி அப்படியே நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரு முழுக்க வடிகால், உள்ளே அது இரண்டு தனித்தனித் தொட்டி. உங்கள் தெருவில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, வடிகாலின் அடிமட்டம் ஒரு உயரத்திலும், அது சேர வேண்டிய கல்வெர்ட்டின் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) அடிமட்டம் அதைவிட மேலேயும் இருப்பது. ஏரியில் விடுகிற வடிகாலுக்கு இது இன்னும் முக்கியம். ஏரி கலங்கல் மட்டத்துக்கு நிரம்பிய நாளில் வடிகால் வாய் அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் ஏரியிலிருந்து தெருவுக்கு எதிர்த்து வரும். கோடையில் லெவல் எடுத்தவர் காய்ந்த ஏரியைப் பார்த்து எடுத்திருந்தால் இது கண்ணிலேயே படாது.

இப்போது ரோடு. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு, மூன்று அங்குலம் ஏறும். சின்னத் தெருக்களில் பழைய தார் மேலேயே சிமென்ட் ரோடு போட்டால் ஒரே தடவையில் அரை அடி. பத்துப் பதினைந்து வருடத்தில் ரோடு வாசல்படிக்கு மேல் வந்துவிடும், வீடு பள்ளத்தில் இறங்கிவிடும். வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். வசதியில்லாதவர்கள் வாசலில் ஒரு சிமென்ட் மேடு கட்டிக்கொண்டு, மோட்டாரை வைத்துத் தண்ணீரைத் தெருவுக்கு இறைக்கிறார்கள். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். மிகவும் நல்ல உத்தரவு. பெரிய ரோடுகளில் அப்படிச் சுரண்டும் மில்லிங் மெஷின் வருவதைப் பார்க்க முடிகிறது. 12 அடி, 15 அடித் தெருக்களுக்குள் அந்தப் பெரிய மெஷின் நுழைவது கஷ்டம். அங்கே ஜேசிபியால் சுரண்ட வேண்டும், அது மெதுவான வேலை. தவிர்க்கப்படுவதும் அங்கேதான். மில்லிங்குக்கு மதிப்பீட்டில் தனியாகத் தொகை ஒதுக்கியிருந்தால் அதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ரோட்டின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும். தார் ரோட்டுக்குச் சுமார் 2 சதவீதச் சரிவு என்பது வழக்கம். 6 மீட்டர் அகல ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 6 செ.மீ. வித்தியாசம். அந்த ஓரத்தில் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கத் துளை இருக்க வேண்டும். பல தெருக்களில் வடிகால் சுவர் ரோட்டைவிட அரை அடி உயரமாக நிற்கும், துளையின் வாய் ரோட்டு மட்டத்துக்கு மேலே இருக்கும். தண்ணீர் வடிகாலைத் தொட்டுக்கொண்டே வெளியே நிற்கும். "பின்னால் ரோடு உயரும், அப்போது சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரோடு உயர்ந்தால் உங்கள் வீடு தாழும்.

தண்ணீர் நின்றால் ரோடும் நிலைக்காது. தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பைத் தண்ணீர் பிரித்துவிடும். கீழே உள்ள ஜல்லி, மண் அடுக்கு ஊறிப்போன நிலையில் மேலே தண்ணீர் லாரி ஏறினால் ரோடு அமுங்கும், பிளக்கும், குழியாகும். வடிகால் சரியாக இல்லாத தெருவில் எத்தனை நல்ல தார் போட்டாலும் அது இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிய விஷயம்.

பாதாள சாக்கடையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. புறநகரின் பல பகுதிகளில் இன்னும் செப்டிக் டேங்க்தான். டேங்க் நிரம்பினால் லாரி கூப்பிடச் செலவாகும் என்று இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகுகிறார்கள். அந்தக் கழிவு நேராக ஏரிக்குப் போகிறது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளைக் கோடிக்கணக்கில் செலவழித்துச் சீரமைத்திருக்கிறார்கள், உள்ளூர் மக்களும் பல வருடம் அதற்காக உழைத்தார்கள். அந்த உழைப்பெல்லாம் இந்தக் குழாய்களால் வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. பாதாள சாக்கடை பின்னால் வந்தால் புது ரோட்டை நடுவில் வெட்டுவார்கள். வெட்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். அள்ளிப்போட்டு மூடினால் முதல் மழைக்கே உள்வாங்கும். ஆகவே குழாய் வேலை எதுவானாலும் ரோட்டுக்கு முன்னால் முடிய வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் தண்ணீரின் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழக அரசின் இ-சேவை நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (நிலத்தின் வகை பதிவாகியிருக்கும் ஏடு) பார்க்கலாம். உங்கள் தெரு அருகே ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது பதிவாகியிருந்தால் அதுதான் உங்கள் வடிகாலின் இயல்பான திசை. மதிப்பீட்டு நகல், வடிகாலின் லெவல் வரைபடம், ஒப்பந்ததாரரின் பழுது பொறுப்புக் காலம் ஆகியவற்றை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறம் டியூப் லெவல். எந்தக் கொத்தனாரிடமும் இருக்கும், தண்ணீர் நிரப்பிய வெள்ளைக் குழாய். வடிகாலுக்குத் தோண்டியதும், கான்கிரீட் போடுவதற்கு முன்னால், தெரு முனைக் கல்வெர்ட்டின் அடிமட்டத்தையும் தோண்டிய பள்ளத்தின் அடிமட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் நலச் சங்கத்தில் அப்படிப் பார்த்தபோது இறக்கம் போதவில்லை என்று தெரிந்தது. பொறுப்பில் இருந்த பொறியாளரிடம் சண்டை போடாமல் காட்டினோம். அவரே ஆட்டோ லெவல் (உயரம் அளக்கும் சர்வே கருவி) வைத்துச் சரிபார்த்து, பள்ளத்தை ஆழப்படுத்தச் சொன்னார். கான்கிரீட் போட்ட பிறகு போயிருந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது.

தெருவுக்காகத் தனியாக மனு கொடுப்பதைவிட, தண்ணீர் போகும் வழியில் உள்ள எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது பலன் தரும். பள்ளத்தில் இருப்பவர் "மேட்டுத் தண்ணீரை இங்கே விடாதே" என்று வடிகாலை அடைப்பதும், மேட்டில் இருப்பவர் அதை உடைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே கால்வாய்தான். இதைப் பேச, வார்டு மக்கள் கூடுகிற ஏரியா சபைக் கூட்டம் நல்ல இடம்.

மழை பெய்யும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தேங்கியது, எந்தத் துளையில் இறங்கவில்லை, எத்தனை மணிக்கு வடிந்தது என்று குறித்து, ஜனவரியிலேயே வார்டு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். உள்ளாட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். மதிப்பீடு, டெண்டர் எல்லாம் முடிந்து ஜூனுக்குள் வேலை தொடங்கினால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க முடியும். செப்டம்பரில் தோண்ட ஆரம்பித்தால் அந்த மழைக்காலம் முழுக்கத் தெருவில் திறந்த பள்ளத்தோடுதான் இருக்க வேண்டும்.