கொட்டுகிற சாப்பாடு உடம்பில் ஒட்டாது

கேள்வி: எனக்கு 24 வயது. உயரம் 173 செ.மீ., எடை 52 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதே இல்லை. அப்பாவும் ஒல்லிதான். வாரத்தில் ஆறு நாள் ஜிம் போகிறேன். கை கொஞ்சம் கெட்டிப்பட்டதே தவிர எடை ஏறவில்லை. மதியம் வேலை நேரத்தில் பசி இருக்காது. டப்பாவில் பாதியைக் கொட்டிவிட்டுக் கழுவிவிடுவேன், மிச்சம் கொண்டுபோனால் அம்மா வருத்தப்படுவார். உறவினர்கள் பார்க்கும்போதெல்லாம் ‘பையனுக்குச் சாப்பாடே போடுவதில்லையா’ என்று அம்மாவிடம் கேட்கிறார்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது. எடை கூட்டுகிற கெய்னர் பவுடரில் எது நல்லது? உடம்பு ஏற மாத்திரை இருக்கிறதாமே, சாப்பிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, கெய்னர் பெயரை விடுங்கள். ஜிம்மையும் அப்பாவின் உடல்வாகையும் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் டப்பாவைக் கழுவுகிற விஷயத்தைச் செருகியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த வரிதான்.

‘எவ்வளவு சாப்பிட்டாலும்’ என்று எழுதுகிறீர்கள். நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்? ஒரு வேளைச் சாப்பாடு சுமார் 700 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி 350. ஒல்லியான ஒருவர் நிதானமாக எடை ஏற, இப்போது செலவாவதைவிட நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூடுதலாக உள்ளே போனால் போதும். நீங்கள் கடையில் டப்பா டப்பாவாக வாங்க நினைக்கிற அதே கலோரியைத்தான் தினமும் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான கெய்னரில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்தும் கொஞ்சம் பால் புரதமும். அதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

எடைக் கணக்கு இத்தோடு போகட்டும். எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். உறவினர்கள் கேட்பது உங்கள் அம்மாவை. பதில் சொல்ல முடியாமல் நிற்பது அவர். ஆனால் அவமானம் உங்களுக்கு என்று எழுதுகிறீர்கள். மூடியின் ஓரத்தில்கூட ஒரு பருக்கை ஒட்டாமல் கழுவித் துடைத்த டப்பாவைத் தினமும் அவர் கையில் கொடுக்கிறீர்கள். அவர் அதைத் திறந்து பார்த்து, பிள்ளை முழுவதும் சாப்பிட்டுவிட்டான் என்று நம்புகிறார். முழுதாகச் சாப்பிடுகிறவனுக்கு ஏன் உடம்பு தேறவில்லை, உள்ளே என்ன வியாதியோ, என் சமையலில்தான் சத்து இல்லையோ என்று அந்த அம்மா எத்தனை ராத்திரி புரண்டு படுத்திருப்பார்! அவர் வருத்தப்படக் கூடாது என்று மறைத்தேன் என்கிறீர்கள். மிச்சத்தைப் பார்த்தால் அரை மணி நேரம் வருத்தப்படுவார், மறுநாளே சமையலை மாற்றுவார். நீங்கள் மறைத்ததால் மாற்ற வழி தெரியாமல் நிற்கிறார். சமைத்துப் போடுகிறவரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொல்வதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் முதல் வேலை, இன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது அவரைக் கேட்டால், ‘அம்மா குறை வைக்கவில்லை, நான்தான் சாப்பிடுவதில்லை’ என்று அவர் முன்னாலேயே நீங்கள் சொல்ல வேண்டும்.

அப்புறம் டப்பாவைப் பற்றி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். குறைவாகவே சாப்பிட்டுப் பழகியவருக்கு அளவைத் திடீரென்று கூட்டினால் இறங்காது. அளவைக் குறைத்துச் சத்தைக் கூட்டுவதுதான் வழி. சின்ன டப்பாவில், கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்த்த சாப்பாடு, இரண்டு முட்டை. சைவம் என்றால் கெட்டியான பருப்போ பயறோ. சாயங்காலத்துக்கு ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். இதிலேயே ஏறக்குறைய 400 கலோரி வந்துவிடும். இந்தச் சாயங்கால வேளையை நீங்களே தயார் செய்துகொள்ளுங்கள். 24 வயதில் அதையும் அம்மா தலையில் கட்டாதீர்கள். பசி இல்லாவிட்டாலும் நேரம் வந்தால் சாப்பிட வேண்டும். மெல்ல முடியாத நாளில் குடியுங்கள், பாலும் பழமும் அடித்த பானம் வயிற்றில் அவ்வளவு பாரமாகத் தெரியாது.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் போதும். உங்களுக்கு 83 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 8 கிராம் என்று கூட்டிக்கொண்டே போனால் மூன்று வேளையிலும் பிரித்து எட்டிவிடலாம்.

அப்பாவின் உடல்வாகு என்று சொன்னீர்கள், அதை நான் மறுக்கவில்லை. 1999-இல் அமெரிக்காவில் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்த கொழுப்பு, அரைக் கிலோகூட இல்லாததிலிருந்து நாலு கிலோவுக்கு மேல் வரை ஆளுக்கு ஆள் மாறியது. அதிகம் சேராதவர்கள் தங்களை அறியாமலே நடந்தும் எழுந்தும் அசைந்தும் கூடுதல் கலோரியைச் செலவழித்துவிட்டார்கள். நீங்களும் அந்த ரகமாக இருக்கலாம். ஆனால் அது தெரிய வேண்டுமென்றால் முதலில் முழுச் சாப்பாடும் உள்ளே போக வேண்டும்.

ஜிம்முக்கு ஆறு நாள் வேண்டாம், மூன்று நாள் போதும். கையை மட்டும் முறுக்கிக்கொண்டிருக்காமல் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், தோளுக்கு மேல் தூக்குகிற பிரஸ் என்று பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். ஒவ்வொன்றும் மூன்று செட், ஒரு செட்டுக்கு 6 முதல் 12 முறை. 12 முறை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த தடவை எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். மாதக்கணக்காக அதே டம்பெல்லைத் தூக்கினால் தசை வளர வேண்டிய அவசியமே இல்லை. ராத்திரி ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள்.

மாத்திரை கூடவே கூடாது. உடம்பு ஏற என்று கொடுப்பதில் சில, சைப்ரோஹெப்டடின் என்கிற அலர்ஜி மருந்து. பசியைக் கிளப்பும், கூடவே தூக்கத்தில் ஆழ்த்தும். சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். கன்னம் உப்புவதைப் பார்த்து உடம்பு வைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது தசையைக் கரைக்கும், எலும்பை அரிக்கும், சர்க்கரையைக் கூட்டும். பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கு உங்களுக்கு 17.4. 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று கணக்கு, அதாவது உங்கள் உயரத்துக்கு 56 கிலோவாவது வேண்டும். மருத்துவரை ஒருமுறை பார்த்து தைராய்டு, சர்க்கரை சோதித்துக்கொள்ளுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், அடிக்கடி வயிற்றுப்போக்கு இருந்தாலோ நாளைக்கே போங்கள். பசியின்மை மனச்சோர்வாலும் வரும். எதிலுமே மனம் ஒட்டாமல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் சரி, அரைக் கிலோவைத் தாண்டினால் கொழுப்புதான் அதிகம் சேரும். இரண்டு மூன்று வாரம் முள் அசையவில்லை என்றால் இன்னொரு தம்ளர் பாலும் இன்னொரு பிடி கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.