பாட்டிலில் இல்லை பச்சை

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பார்த்த வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நான்கு ஏக்கரில் மீளுருவாக்க வேளாண்மை (மண்வளத்தை மீட்டெடுக்கும் விவசாயம்) தொடங்கியிருக்கிறேன். உழவு, யூரியா இரண்டையும் ஒரே போகத்தில் நிறுத்திவிட்டேன், அதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. போன போகத்து மக்காச்சோளத் தட்டையை நறுக்கிப் பரப்பி, அதிலேயே மறுபடியும் மக்காச்சோளம் ஊன்றினேன். 25 நாளில் அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின்றன. கடைக்காரர் நுண்ணுயிர்க் கலவை என்று இரண்டு பாட்டில் கொடுத்தார். டேங்குக்கு எத்தனை மில்லி கலக்க வேண்டும்?

பதில்: தம்பி, எத்தனை மில்லி கலந்தாலும் இந்த மஞ்சள் போகாது. அடி இலையில் நுனியில் தொடங்கி நடுநரம்போரமாக உள்ளே இறங்கினால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை, காரணம் அந்தத் தட்டைதான். அதில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கார்பன் ஏறக்குறைய 60 பங்கு இருக்கும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 பங்கு வரைதான் கட்டுப்படியாகும், பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. மண்ணில் உயிரே இல்லை என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். உயிர் இருக்கப்போய்த்தான் உங்கள் பயிர் மஞ்சளாகியிருக்கிறது! பாட்டில் கூட்டத்தையும் அதில் இறக்கினால், சோறு பற்றாத பந்தியில் இன்னும் நூறு பேரை உட்கார வைத்த கதைதான்.

இப்போதைக்கு, நீங்கள் முன்பு வளரும் பயிருக்கு வைத்த மேலுரத்தில் பாதி அளவு யூரியா வையுங்கள். ஆமாம், யூரியாதான். தட்டையின் மேல் தூவினால் கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், அதனால் தட்டையை ஒதுக்கி, வரிசையோரமாக மண்ணுக்குள் வைத்து மூடி, தண்ணீர் கட்டுங்கள். ஒரே போகத்தில் அடியோடு நிறுத்தச் சொல்லும் வீடியோக்காரர் யாரும் உங்கள் மகசூல் நட்டத்தைக் கட்டப்போவதில்லை.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருவோம். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் நிலத்தில் என்ன இருந்தது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, அப்படியென்றால் ஒன்றும் இருந்திருக்காது. உழவை நிறுத்துவதை ஒரு விரதம் மாதிரி எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் உழாமல் சும்மா போட்ட நிலம் இறுகத்தான் செய்யும். மண்ணுயிர்களுக்கு வேண்டியது உயிருள்ள வேர். இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் மண்ணில் கசிய விடுகிறது, அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சை இழைகளும்தான் மண் துகள்களைப் பிணைக்கின்றன. எந்தப் பாட்டிலும் இதைச் செய்யாது. பாட்டில் காசில் பசுந்தாள் பயிரான சணப்பை, தட்டைப்பயறு விதை வாங்கி, கொஞ்சம் கம்பும் கலந்து, இந்த அறுவடை முடிந்ததும் ஈரம் காயும் முன் விதைத்துவிடுங்கள், பூவெடுக்கும் பருவத்தில் சாய்த்து அப்படியே மண்ணைப் போர்த்தும் மூடாக்காக்குங்கள். இளம் சணப்பையில் கார்பன் 20 பங்கு அளவில்தான் இருக்கும், அதனால் இந்த மஞ்சள் தொல்லை வராது. நடுவில் ஒரு பயற்றஞ்செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த போகத்துக்கு மக்காச்சோளத்தின் மேலேயே மக்காச்சோளம் வேண்டாம், பயறு வகை ஏதாவது போடுங்கள்.

அப்புறம் ரோட்டவேட்டர், டிராக்டரில் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை. வருஷக்கணக்காக அது ஓடிய நிலமாக இருந்தால் நாலைந்து அங்குலத்துக்குக் கீழே ஒரு கடினத் தட்டு இருக்கும். ஒரு மக்காச்சோளச் செடியைத் தோண்டி எடுங்கள், வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் அதுதான். அப்படி இருந்தால் மட்டும், இந்த அறுவடைக்குப் பிறகு ஈரம் காயும் வரை பொறுத்து, மண் காய்ந்த நேரத்தில் ஒரே ஒரு முறை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை ஓட்டி, உடனே அந்த விதைகளைப் போட்டுவிடுங்கள். 'உழவே கூடாது' என்ற கொள்கைக்காக அந்தக் கடினத் தட்டை வைத்துக் காப்பாற்ற வேண்டாம்.

நான்கு ஏக்கரையும் ஒரே நேரத்தில் மாற்றியதுதான் உங்கள் அவசரம். அடுத்த போகத்தில் ஒரு ஏக்கரை மட்டும் உங்கள் வழிக்கு எடுத்துக்கொண்டு மீதியை அப்பா போக்கில் விடுங்கள், அவரும் பேச ஆரம்பித்துவிடுவார்.

மேலுரம் வைத்து பத்து நாளில் புதிதாக விரியும் இலை நல்ல பச்சையாக வர வேண்டும். வராவிட்டால் தூரில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மேல் இலையைப் படம் எடுத்து அனுப்புங்கள். மஞ்சளான அடி இலை இனிப் பச்சையாகாது, அதை அனுப்பிப் பயனில்லை.