வேலை வெளிநாட்டுக்குப் போனால், தொழிலாளி ஏன் சட்டென்று வேறு வேலைக்கு மாற முடிவதில்லை?

ஒரு நிறுவனம் தன் வேலையில் ஒரு பகுதியைச் செலவு குறைவான வேறு நாட்டுக்கு மாற்றுவதுதான் ஆஃப்ஷோரிங். முழுத் தொழிலும் போவது குறைவு. தனியாகப் பிரித்து, தூரத்திலிருந்தே சரிபார்க்க முடிகிற பகுதிதான் முதலில் போகும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். உருக்குவது, கம்பி இழுப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது எல்லாம் தனித்தனிக் கைகள். கம்பி வேலை மட்டும் வெளியே போனால் கொலுசு வியாபாரம் நிற்காது. ஆனால் காலமெல்லாம் கம்பி இழுத்தவரின் கைப்பழக்கத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் மதிப்பில்லை. புது வேலையில் அவருக்குக் கிடைப்பது கற்றுக்கொள்பவரின் கூலிதான். சிக்கலே இதுதான்.

வேறு வேலைக்கான மறுபயிற்சி பாதியில் நிற்கப் பலருக்குப் பணமே காரணம். 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு புதுத் திறன் கற்க மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளம் உண்டு (ஆட்குறைப்பு இழப்பீடு வேறு). ஆறு மாதப் படிப்புக்கு அது எந்த மூலைக்கு?

இன்னொரு தவறு, ஊரில் ஆள் எடுக்காத தொழிலைப் படிப்பது. முதலில் காலியிடத்தை விசாரியுங்கள், பிறகு பயிற்சியில் சேருங்கள். பழைய வேலையை ஒட்டியதே நல்லது: விசைத்தறி ஓட்டியவர் தறி மெக்கானிக் ஆவது, கணினி வேலைக்குத் தாவுவதைவிடச் சுலபம். கிளம்பும் முன், இயக்கிய இயந்திரங்களின் பெயரோடு அனுபவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

"வேலையெல்லாம் இந்தியாவுக்குத்தானே வருகிறது, நமக்கென்ன?" என்பார்கள். பாதிதான் உண்மை, இங்கே கூலி ஏறினால் அதே வேலை இன்னொரு நாட்டுக்கும் போகும்.