அட்டையின் வயது பின்பக்கத்தில்

வணக்கம்.

லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்று வாங்கினேன். தபால் அட்டை வகை. ரோஜாக்கொத்து, பொன் விளிம்பு. பின்பக்கம் நடுவில் ஒரு கோடு. தபால்தலைக் கட்டத்துக்குள் ‘உள்நாட்டுக்கு அரை பென்னி’ என்றும், ஓரத்தில் ‘பவேரியாவில் அச்சிட்டது’ என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தபால்தலையை யாரோ உரித்துவிட்டதால் முத்திரைத் தேதி இல்லை. 1880களில் கையால் வரைந்தது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்துதான் பிறந்தநாள் அட்டை வந்ததா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நம்ப வேண்டாம். குறைந்தது பன்னிரண்டு வருஷமாவது கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

நடுக்கோடு போதும். பிரிட்டனில் 1902 வரை தபால் அட்டையின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். அந்த வருஷம்தான் இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று பிரிக்க அனுமதி வந்தது. அட்டைக் கட்டணம் அரை பென்னியிலிருந்து ஒரு பென்னி ஆனது 1918 ஜூனில். ஆனால் 1914 ஆகஸ்டில் ஜெர்மனியோடு போர் மூண்டதும், அந்நாட்டின் ஒரு பகுதியான பவேரியாவின் சரக்கு நின்றுபோயிற்று. ஆக, 1902க்கும் 1914க்கும் இடையில் அச்சானது. அனுப்பிய தேதி பிந்தியிருக்கலாம், பழைய இருப்பைக் கடைகள் விற்றுக்கொண்டுதான் இருக்கும்.

கையால் வரைந்ததா என்பதற்குப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். தூரிகை வண்ணத்தில் புள்ளி இருக்காது. ஒழுங்கற்ற புள்ளிகள் தெரிந்தால் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து தாளில் பதிப்பது. வலை போல வரிசையாக இருந்தால் புகைப்பட முறை அச்சு. கல்லச்சுக்கு மிக உகந்த, நுண்மணிகள் கொண்ட சுண்ணாம்புக்கல்லைப் பவேரியாவின் சோல்ன்ஹோஃபனில் வெட்டினார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல், கல்லில் புள்ளி வைப்பது கைவேலை. ரோஜா இதழுக்கே வெளிர் சிவப்பு, அடர் சிவப்பு, நிழலுக்கு ஒரு சாம்பல் என்று மூன்று கல் ஆகிவிடும். ஒரு வண்ணம் காய்ந்து அடுத்தது ஏறுவதற்குள் ஈரக்காற்றில் தாள் நீண்டால், வண்ணம் இதழுக்கு வெளியே வழிந்தோ வெள்ளைக் கீற்று விட்டோ நிற்கும். உங்கள் அட்டையில் அப்படி ஒரு விலகல் இருந்தால் வருந்தாதீர்கள், அச்சு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பொன் விளிம்பு, ஒட்டுமையை அச்சிட்டு அதன்மேல் வெண்கலத்தூள் தூவியது. மற்ற மை காயாமல் தூவினால் பூவெல்லாம் மினுங்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1840க்கு முன் தபாலுக்குக் காசு கொடுத்தது பெரும்பாலும் பெறுகிறவர். தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏற்ற கூலி, உறையும் ஒரு தாள் கணக்கு. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பி அவரையே செலவு செய்ய வைக்க முடியுமா? 1840இல் அரை அவுன்ஸ் கடிதம் நாடு முழுவதும் ஒரு பென்னி என்று ஆனதும் வழி திறந்தது. 1843இல் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி, ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டையின் விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு தபால் கூலி! சாமானியர் வாங்குகிற பண்டமில்லை. வண்ணக் கல்லச்சு மலிந்து, 1870இல் அரை பென்னித் தபால் அட்டையும் வந்த பிறகுதான் வாழ்த்து அட்டைகள் பெருகின. காதலர் தின அட்டை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. கிறிஸ்துமஸ் அட்டையும் பிறந்தநாள் அட்டையும் ஒரே பட்டறைப் பிள்ளைகள். ஒரே பூப்படத்துக்கு வாசகத்தை மட்டும் மாற்றி விற்றதும் உண்டு. பனிக்கால வாழ்த்தில் வசந்தப் பூ மலர்ந்த ரகசியம் அதுதான்.

பொன் விளிம்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தூள் உதிர்ந்துவிடும். பிவிசி உறையில் வைக்கவும் வேண்டாம். நாளாக ஆக அது மையில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை நல்லது. 1880களுக்கான விலை கொடுத்திருந்தால், லென்ஸோடு கடைக்குத் திரும்பிப் போகலாம்.